எழுதாத ஆறு நாட்கள்

அந்தக் கட்டடத்துக்கு எட்டு மாடி. மாடிக்குப் பன்னிரண்டு ஜன்னல். தொண்ணூற்றைந்து ஜன்னல்கள் இருட்டாக இருக்கும். ஒன்று மட்டும் பச்சையாக எரியும். நாலாவது மாடி, ஏழாவது ஜன்னல். திரைக்குப் பின்னால் யாரோ நடமாடுவது நிழலாகத் தெரியும். யாரென்று எட்டிப் பார்ப்பதற்குள் பஸ் டிரைவர் பிரேக்கை மிதிப்பார். முன்சீட்டுக் கம்பியில் நெற்றி இடிக்கும். கனவு கலைந்துவிடும்.

இரண்டு மாதமாக, மாலை ஐந்தரை மணி பஸ்ஸில், இதே கனவு.

அதற்கு அர்த்தம் கேட்டு அவள் யாரிடமும் போகத் தேவையில்லை. அது கட்டடமே இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு. எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி. ஒவ்வொரு குழியிலும் உயிருள்ள தசைச் செல்கள். அவற்றின் மேல் குழிக்கு ஒன்றாக ஒரு சொட்டு மருந்து. மருந்து வேலை செய்தால் செல்கள் பச்சையாக மின்னும். செய்யாவிட்டால் இருட்டு.

இரண்டு மாதத்துக்கு முன் நாலாவது வரிசை, ஏழாவது குழி மின்னியது. அதில் இருந்தது அவள் கையால் செய்த மருந்து. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, எண்தான். நானூற்றுப் பதினேழு.

அதற்கப்புறம் அது மின்னவே இல்லை.

குடியிருப்பில் எல்லோரும் அவளை மாத்திரையம்மா என்று கூப்பிடுவார்கள். "மாத்திரையம்மா, பிள்ளைக்கு ஜலதோஷம், ஏதாவது குடுங்களேன்" என்று கதவைத் தட்டுவார்கள். மருந்துக் கம்பெனியில் வேலை என்றால் பை நிறைய மாத்திரையோடு வீட்டுக்கு வருவாள் என்று நினைப்பு. உண்மை வேறு. இருபத்திரண்டு வருடமாகப் புதுமருந்து தேடும் வேதியியலாளர் அவள். இன்று வரை அவள் செய்த எதுவும் மாத்திரையாகிக் கடைக்குப் போனதில்லை.

பதினோரு திட்டங்களில் வேலை பார்த்தாள். ஒன்று ஈரலைக் கெடுத்தது. ஒன்று எலிக்கு அற்புதமாகக் கேட்டது, மனிதனுக்குக் கேட்கவில்லை. இன்னொன்று எதிலும் கரையாமல் கூழாங்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒன்றை, அந்த நோயில் ஆர்வம் இல்லை என்று மேலிடமே மூடிவிட்டது. மூடும்போதெல்லாம் ஒரு கேக் வெட்டுவார்கள். அவள் இப்போது கேக்கைத் தொடுவதே இல்லை.

பன்னிரண்டாவது இது. குழந்தைகளுக்கு வரும் தசை நோய். ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை நடக்கும். நடக்கும் பிள்ளை உட்காரும். பிறகு கை, சொன்ன பேச்சைக் கேட்காது. மருந்தே கிடையாது. ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கும்போது அவள் கைக்கு வந்த கடைசித் திட்டம்.

திங்கட்கிழமை காலை இயக்குநர் கூப்பிட்டார்.

"மூணாவது தடவையும் இருட்டுதான்," என்றார். கத்தும் ஆள் இல்லை அவர். மெதுவாகப் பேசியே ஆளை உட்கார வைத்துவிடுவார். "புதுசா செஞ்சு குடுத்தீங்க, மின்னலை. மறுபடி செஞ்சீங்க, மின்னலை. இப்பவும் இல்ல."

"முதல் தடவை மின்னிச்சே சார்."

"அதான் பிரச்சினையே. மின்னவே இல்லைன்னா எப்பவோ மூடிட்டு வேற வேலை பார்த்திருப்போம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள 417 மின்னணும். இல்லேன்னா திட்டத்தை மூடிடுவோம். முதல் முடிவு தப்புன்னு நீங்களே ஒரு அறிக்கை எழுதிக் குடுத்துடுங்க."

தப்பு என்று இவள் எழுத வேண்டும். கூடவே கேக்.

வெளியே வந்ததும் நேராகச் செல் அறைக்குப் போனாள். அங்கே இருப்பவரைப் பால்காரர் என்பார்கள். விடுமுறை நாளிலும் விடியற்காலையில் வந்து செல்களுக்கு ரோஸ் நிறத் திரவ உணவை ஊற்றிவிட்டுப் போவார் என்பதால் வந்த பெயர். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"மேடம், என் பிள்ளைங்க மேல மட்டும் பழி போடாதீங்க," என்றார் அவள் வாய் திறப்பதற்குள்ளேயே. "நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். என் வீட்டுப் பசங்களைக்கூட நான் இப்படி வளர்க்கலை."

"பழி போட வரலைப்பா. அந்த முதல் தட்டு மிச்சம் இருக்கா?"

"கட்டடம் மாறினப்ப எல்லாத்தையும் தூக்கிப் போட்டாச்சே. நீங்க குடுத்த முதல் மருந்திலயும் ஒரு சொட்டு பாக்கி இல்ல. ஆனா மேடம்…" குரலைத் தாழ்த்தினார். "நான் பார்த்தேன். மின்னிச்சு. மூணு தடவை கண்ணைக் கசக்கிட்டுப் பார்த்தேன்."

அந்த வார்த்தை போதும் என்றிருந்தது அவளுக்கு. ஆனால் கூட்டத்தில் பால்காரரின் கண்ணை யாரும் சாட்சியாக ஏற்க மாட்டார்கள்.

தன் மேஜைக்குப் போய் 417-ஐ எடுத்தாள். மேஜைக்கடியில் இருந்த குளிர்பெட்டியில், பழுப்புக் கண்ணாடிக் குப்பி, அதைச் சுற்றி அலுமினியத் தாள். முதல் தடவை மின்னியதிலிருந்து அதைக் கைக்குழந்தை மாதிரித்தான் வைத்திருந்தாள். வெளிச்சம் படாமல், காற்றுப் படாமல், செய்த அன்றைக்கே சுடச்சுடச் சோதனைக்கு அனுப்பினாள். புதுக் கட்டடத்தில் வேதியியல் கூடம் நட்டநடுவில் இருந்தது. ஜன்னலே கிடையாது. கூரையிலிருந்து வெள்ளை வெளிச்சம் பால் மாதிரி வழிந்துகொண்டிருக்கும். காலையா மாலையா என்று கடிகாரம்தான் சொல்ல வேண்டும். தண்ணீருக்கடியில் வேலை பார்ப்பது போலிருக்கும். பேச்சுக் குரல்கூட எங்கோ தூரத்திலிருந்து மிதந்து வரும்.

இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டும் ஏன் இப்படி முகம் திருப்புகிறது இது?

குப்பியை மறுபடி குளிர்பெட்டிக்குள் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மாலை. வீட்டுக் கதவைத் திறந்தால் கால் வைக்க இடமில்லை. கூடம் முழுக்க நீலத் துணி. நடுவில், துணிக்கடலில் படகு மாதிரி, பாப்பா உட்கார்ந்திருந்தாள்.

பாப்பா அவளுடைய நாத்தனார். வயது நாற்பத்திரண்டு. மூக்கு நுனியில் கண்ணாடி, கழுத்தில் அளவு நாடா. வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இனி அறுபது வயதிலும் பாப்பாதான். திரைச்சீலை தைத்துக் கொடுப்பது தொழில். அண்ணன் கப்பலில் எஞ்சினியர். வருடத்தில் எட்டு மாதம் கடலில். அதனால் வீட்டில் அண்ணியும் நாத்தனாரும்தான். ஊரில் மற்ற வீடுகளில் இந்த உறவு எப்படியோ, இங்கே சண்டை தினசரி உண்டு. அது இல்லாவிட்டால் இருவருக்கும் காப்பி இறங்காது.

"மிதிக்காதீங்க அண்ணி! ஓரமா, ஓரமா வாங்க. இன்னிக்கும் முகம் ஏன் தொங்கிப் போயிருக்கு? உங்க நாலு பதினேழு இன்னும் கோவமாத்தான் இருக்கா?"

"நீ உன் துணியைப் பாரு."

"அதைத்தானே காலைலேர்ந்து பார்த்துட்டிருக்கேன். இந்த மேல்மாடிக்காரி இருக்காளே, ஆறு மாசம் முன்னாடி தைச்சுக் குடுத்த திரையை இப்பத் தூக்கிட்டு வந்து போட்டுட்டுப் போறா. நான் ரெண்டு வேற வேற துணியை ஒட்டுப் போட்டு ஏமாத்திட்டேனாம். என் வாயில நல்லா வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்."

"ஏமாத்தினியா?"

"அண்ணி!"

"சும்மா கேட்டேன்டி."

பாப்பா திரையைத் தூக்கிப் பிடித்தாள். நீலத்தில் நெடுக்காகப் பட்டை பட்டையாக இரண்டு நிறம். ஒன்று ஆழ்ந்த நீலம். அடுத்தது வெளிறி, சாம்பல் பூத்த நீலம். பார்த்தால் இரண்டு துணி என்றுதான் யாரும் சொல்வார்கள்.

"ஒரே துணி. ஒரே கட்டிலேர்ந்து வெட்டினது," என்றாள் பாப்பா. "இங்க பாருங்க, மடிப்பு. மடிப்புக்கு வெளியே இருந்த பக்கம் ஆறு மாசம் வெயில் குடிச்சிருக்கு. உள்ளே இருந்தது குடிக்கலை. வெயில் பண்ணின வேலைக்கு என்னைத் திருடின்னா நான் என்ன பண்ண? வெயில் வந்துட்டுப் போனதை எவ எழுதி வெச்சா?"

மாத்திரையம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் துணியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அலுப்பு. மேற்கு ஜன்னல் வழியாகக் கடைசி வெயில் சாய்ந்து, நீலத்தின் மேல் நடந்து, அவள் மடிக்கு வந்தது. பாப்பாவின் தையல் இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் கண் சொருகியது.

மறுபடி அந்தக் கட்டடம். நாலாவது மாடி, ஏழாவது ஜன்னல். இந்த முறை பஸ் இல்லை, பிரேக் இல்லை. ஜன்னலின் திரை நீல நிறம். பட்டை பட்டையாக வெளுத்திருந்தது. திரைக்குப் பின்னால் இருந்த உருவம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றது. ஒரு கை இந்தப் பக்கம், ஒரு கை அந்தப் பக்கம். வெயில் ஏற ஏற, அது ஒரு கையை மெதுவாக, தூக்கத்தில் புரள்வது போல, மறுபக்கம் கொண்டு வந்தது…

"பாப்பா!"

தையல் இயந்திரம் நின்றது. "ஐயோ, என்ன அண்ணி? ஊசி ஏறியிருக்கும் கையில!"

"உன் கால் என்னிக்கு உடைஞ்சது?"

பாப்பா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். "இப்பத்தான் விசாரிக்கணும்னு தோணிச்சா?"

"கிழமை சொல்லுடி."

"வியாழக்கிழமை. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. சாயங்காலம் நாலு மணி. பல் டாக்டர் வீட்டுல திரை மாட்ட ஏணில ஏறினேன், ஏணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நீங்க போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தீங்க. வந்து முதல் வேலையா என்னைத் திட்டினீங்க. அது நல்லா ஞாபகம் இருக்கு."

போட்டது போட்டபடி.

"நான் திரும்ப வேலைக்குப் போனது?"

"அடுத்த வியாழன். ஒரு வாரம் எனக்குக் கஞ்சி வெச்சுக் குடுத்தீங்களே. உப்பில்லாம."

அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதன்கிழமை காலை முதல் ஆளாகக் கூடத்துக்குள் நுழைந்து, பழைய குறிப்பேட்டை எடுத்தாள். வேதியியலாளரின் குறிப்பேட்டில் எல்லாம் இருக்கும். எத்தனை கிராம், எத்தனை சொட்டு, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம். அவள் எழுத்து முத்து முத்தாக இருந்தது.

வியாழன்: 417. காந்த இயந்திரத்தில் மூலக்கூறின் உருவம் பார்த்தேன். சரி. கரைசலாகக் குடுவையில் வைத்துள்ளேன்.

அதற்கு அடுத்த வரி: வியாழன்: 417. எடை பார்த்தேன். சரி. சோதனைக்கு அனுப்பினேன்.

ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் விரற்கடை இடம்கூட இல்லை. ஆனால் அந்த இடுக்கில் ஆறு நாள் இருந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். செய்ததையெல்லாம் எழுதியிருந்தாள். ஒன்றும் செய்யாத நாட்களை யார் எழுதுவார்கள்?

பழைய கட்டடத்தில் அவள் மேஜை மேற்குப் பார்த்த ஜன்னலோரம். குடுவையை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு ஓடினாள். ஆறு நாள் அது வெயில் குடித்திருக்கிறது.

417-க்கு நடுவில் ஒரு இரட்டைப் பிணைப்பு உண்டு. அதன் இரு முனையிலும் முனைக்கு ஒன்றாக, கை மாதிரி இரண்டு அணுக் கிளை. எதிரெதிர்ப் பக்கம் நீட்டியபடி இறுகி நிற்கும், சாதாரணமாகத் திரும்பாது. ஆனால் வெளிச்சம் பட்டால் சில மூலக்கூறுகளில் ஒரு கை மறுபக்கம் திரும்பிவிடும். முதல் வருடப் பாடப்புத்தகத்தில் இருக்கும் சமாச்சாரம். அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வெயிலுக்கு முன்னால் உருவம் பார்த்தாள். வெயிலுக்குப் பிறகு எடை மட்டும் பார்த்தாள். ஒரு ஆள் கையைத் தூக்கினாலும் இறக்கினாலும் எடை மாறுமா? பொருள் மாறியிருந்தாலும் தராசு 'சரி' என்றுதான் சொல்லும்.

அப்புறம் அவள் செய்த ஒவ்வொரு 417-ஐயும் அலுமினியத் தாளில் சுற்றிச் சுற்றி வைத்தாளே! பத்திரம் பத்திரம் என்று அதன் கையைக் கட்டிப்போட்டவள் அவளேதான்.

சிரிப்பு வந்தது. கூடவே பயமும். இதெல்லாம் ஊகம்தானே?

அவசரம் யாரை விட்டது? கூடத்தில் ஒரு சின்ன புற ஊதாக் கதிர் விளக்கு இருந்தது. அதன் கீழே கொஞ்சம் கரைசலை வைத்தாள். அரை மணியில் தேன் நிறம். ஒரு மணியில் பழுப்பு. மதியத்துக்குள் தார். அந்த விளக்கின் வெளிச்சம் மூர்க்கமானது, கையைத் திருப்புவதற்குப் பதில் முறித்துப் போட்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி வெயிலின் மூர்க்கத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மீதியைத்தான் உள்ளே விடும். அந்த மென்மையான மீதிதான் வேண்டும்.

பழைய கட்டடம் இப்போது கிடங்கு. காவலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு மாடி ஏறினாள். கால் ஒடிந்த நாற்காலிகளும் அலமாரிகளும் தூசி போர்த்துத் தூங்கிக்கொண்டிருந்தன. ஜன்னல் திண்டில் குடுவையின் அடிவட்டம் இன்னும் லேசாகத் தெரிந்தது. புதுக் குடுவையை அந்த வட்டத்தின் மேலேயே வைத்தாள். பக்கத்தில், தாள் சுற்றிய இன்னொரு குடுவை. அது வெயில் பார்க்காமல் இருக்கும்.

நிமிர்ந்து பார்த்தாள். வானம் முழுக்க மேகம்.

புதன் மேகம். வியாழன் தூறல். பத்து மணிக்கு ஒரு தடவை, பன்னிரண்டுக்கு ஒரு தடவை பாப்பா போன் செய்தாள்.

"வெயில் வந்துச்சா அண்ணி?"

"வந்தா உனக்குத் தெரியாதா? ரெண்டு பேருக்கும் ஒரே வானம்தானே."

"எங்க பக்கம் கொஞ்சம் வெளுக்குது. அனுப்பி வைக்கட்டுமா?"

வெள்ளிக்கிழமை மதியம் மேகம் கிழிந்தது. கொஞ்சம்தான். சனிக்கிழமை முழு வெயில்.

சனிக்கிழமை பாப்பாவும் கூடவே கிளம்பி வந்துவிட்டாள். "என் கால் உடைஞ்ச இடத்தை நான் பார்க்க வேண்டாமா?" என்றாள். கால் உடைந்தது பல் டாக்டர் வீட்டில் என்று சொல்லியும் கேட்கவில்லை. லேசாக விந்திக்கொண்டே மாடி ஏறி, ஜன்னலைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இவ்வளவு பெரிய ஜன்னல். ஒரு திரை இல்லாம மொட்டையா வெச்சிருக்காங்க."

"திரை இருந்திருந்தா நான் இப்ப இங்க நிக்க மாட்டேன்டி."

ஒரு நாற்காலியில் மூன்று கால், இன்னொன்றில் முதுகு இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்து உட்கார்ந்தார்கள். வெயில் உள்ளே வந்து தூசியைக் கிளப்பி, ஒவ்வொரு தூசிக்கும் ஒரு பொன்முலாம் பூசியது. குடுவைக்குள் திரவம் அசையாமல் இருந்தது. அதன் நிழல் திண்டின் மேல் ஒரு சின்ன வெளிச்ச வளையமாக விழுந்து, நேரம் ஆக ஆக நகர்ந்தது. பாப்பா பையிலிருந்து ஒரு துணியை எடுத்து ஓரம் அடிக்க ஆரம்பித்தாள். கீழே எங்கோ ஒரு வண்டி பின்னால் வரும் சத்தம். பிறகு அதுவும் இல்லை. உலகத்தில் வெயிலும் ஊசியும் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தன.

"இப்ப உள்ளே என்ன நடக்குது?" என்றாள் பாப்பா ரொம்ப நேரம் கழித்து.

"எழுந்து நில்லு. ஜன்னலுக்கு முன்னாடி. திரையை ரெண்டு பக்கமும் ஒதுக்கற மாதிரி கையை நீட்டு."

நீட்டினாள். வெயில் அவளைச் சுற்றி ஒரு விளிம்பு வரைந்தது.

"இதுதான் 417. இப்ப இடது கையை வலது பக்கம் கொண்டு போ. ரெண்டு கையும் ஒரே பக்கம். ஒரு பிள்ளையை வாரி எடுக்கப் போற மாதிரி."

பாப்பா கைகளை மெதுவாகக் கொண்டு வந்தாள். இல்லாத பிள்ளையை ஏந்தியபடி ஒரு நிமிடம் நின்றாள். சிரிக்கவில்லை.

"தசைச் செல்லுக்குள்ள இருக்கற புரதம் இப்படி ஏந்தினாத்தான் கைக்குள்ள வரும்," என்றாள் மாத்திரையம்மா. "கையை விரிச்சுக்கிட்டு நின்னா வராது. அதான் என் ஊகம்."

"ஊகம்தானா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் ஊகம்தான்."

திங்கட்கிழமை காந்த இயந்திரத்தில் உருவம் பார்த்தாள். தாளில் சுற்றிய குடுவையின் வரைபடத்தில் பழைய கோடுகள். வெயில் குடித்த குடுவையின் வரைபடத்தில் பழைய கோடுகளுக்குப் பக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒரு இரட்டைப் பிறவி மாதிரி, புதுக் கோடுகள். நூற்றுக்கு நாற்பது பங்கு கை திரும்பியிருந்தது. செவ்வாய் முழுக்க விளக்கை அணைத்துவிட்டு, மங்கிய சிவப்பு வெளிச்சத்தில், சிலிக்காப் பொடி நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இரண்டையும் பிரித்தாள்.

புதன்கிழமை பால்காரரிடம் மூன்று குப்பிகளை நீட்டினாள். எண் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள் மட்டும்.

"எதுல என்ன இருக்கு மேடம்?"

"சொல்ல மாட்டேன். உறையில எழுதி ஒட்டியிருக்கேன், முடிவு பார்த்த பிறகு நீங்களே பிரிங்க. உங்க பிள்ளைங்களுக்கு ரெண்டு நாள் போதும்தானே?"

"வெள்ளிக்கிழமை ஒன்பது மணி. கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி." உறையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "எனக்குத் தூக்கம் போச்சு, போங்க."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி. செல் அறைக்குப் பின்னால் இருக்கும் இருட்டு அறை. ஆள் ஒருவர் நிற்கும் இடத்தில் இருவர். பால்காரர் தட்டை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தார். முதல் வரிசை.

"ஒரு புள்ளி. இருட்டு."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ரெண்டு புள்ளி." நகர்த்தினார். "இருட்டு."

அவளுக்கு எதில் எதை ஊற்றினோம் என்றே மறந்துபோனது. மூன்று புள்ளியில் வெறும் கரைப்பானா? இல்லை அதுவா?

பால்காரர் மூன்றாவது வரிசைக்கு நகர்த்தினார். கண்ணைக் கசக்கினார். மறுபடி பார்த்தார். மறுபடி கசக்கினார்.

"என்னப்பா?"

"நீங்களே பாருங்க."

குனிந்தாள். இருட்டில் பச்சை. ஒரு ஜன்னல் இல்லை. வரிசையாகப் பன்னிரண்டு ஜன்னல்களும் எரிந்தன. செல்கள் நீளமாக, ஒன்றோடொன்று கைகோத்து, ஆற்றுக்கடியில் பாசி அசைவது போல மின்னின. எவ்வளவு நேரம் பார்த்தாளோ. பின்னால் உறை கிழியும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு, கரைப்பான் மட்டும். ரெண்டு, 417, தாளில் சுற்றியது. மூணு…" பால்காரர் தாளை டார்ச் வெளிச்சத்தில் பிடித்தார். "மூணு, வெயில்னு போட்டிருக்கீங்க. வெயில்னா என்ன மருந்து மேடம்?"

கூட்டத்தில் ஏழு பேர். மேஜை ஓரத்தில் அட்டைப் பெட்டி. கேக்தான், சந்தேகமில்லை. முன்யோசனைக்காரர்கள்.

அவள் எழுந்தாள். "417 வேலை செய்யாது," என்றாள்.

இயக்குநர் தலையாட்டி, பேனா மூடியைத் திறந்தார்.

"எப்பவுமே வேலை செஞ்சதில்லை. முதல் தடவை நான் அனுப்பினது 417 இல்ல. அதுன்னு நினைச்சு வேற ஒண்ணை அனுப்பியிருக்கேன். அனுப்பறதுக்கு முன்னாடி உருவத்தை மறுபடி பார்க்காதது என் தப்பு. அதனால ரெண்டு மாசம் எல்லாருக்கும் வீண்." ஒரு தாளை நீட்டினாள். "நீங்க கேட்ட அறிக்கை இது. முதல் முடிவு தப்பில்லை சார். முதல் குப்பில ஒட்டின சீட்டுத்தான் தப்பு. மின்னினது இதோ, இதுக்கு இன்னிக்குத்தான் எண் குடுத்திருக்கேன். 418."

பால்காரர் படத்தைத் திரையில் போட்டார். அறை கொஞ்ச நேரம் பச்சையாக இருந்தது.

கேள்விகள் வந்தன. உடம்புச் சூட்டில் கை மறுபடி பழைய பக்கம் திரும்பிவிடாதா? திரும்பும், என்றாள்; ஒரு வாரத்தில் பாதி திரும்பிவிடும். திரும்பாமல் இரண்டு கையையும் ஒரு வளையமாகக் கோத்துப் பூட்ட வேண்டும். எப்படிப் பூட்டுவீர்கள்? மூன்று வழி தோன்றுகிறது; மூன்றும் தோற்கலாம். மாத்திரை ஆகுமா? தெரியாது. அதை அவள் தயங்காமல் சொன்னாள். இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு நிம்மதியாக 'தெரியாது' என்று அவள் சொன்னதில்லை.

இயக்குநர் பேனாவை மூடினார். "ஒரு வருஷம்," என்றார். பிறகு பெட்டியைப் பார்த்து, "அதை என்ன பண்றது?" என்றார்.

"செல் அறைக்கு அனுப்புங்க சார்," என்றார் பால்காரர். "பிள்ளைங்களை வளர்த்தவன் பசியா இருக்கான்."

மத்தியானம் குறிப்பேட்டைத் திறந்தாள். எழுதிய பக்கத்தைத் திருத்தக் கூடாது என்பது விதி. புதுப் பக்கத்தில் அன்றைய தேதி போட்டு எழுதினாள்:

முன்பு எழுதாமல் விட்டது. வெள்ளி முதல் புதன் வரை ஆறு நாள், குடுவை மேற்கு ஜன்னலில் இருந்தது. வெயில். மூடி இல்லை, தாள் இல்லை. காரணம்: நாத்தனார் கால் முறிவு.

ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே, படித்துப் பார்த்ததாக இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். பால்காரர் வாயெல்லாம் கேக்கோடு வந்து படித்தார்.

"இது விஞ்ஞானக் குறிப்பேடு மேடம்."

"அதனாலதான் எழுதினேன். போடுங்க கையெழுத்தை."

போட்டார்.

மாலை ஐந்தரை மணி பஸ்ஸில் வெயில் பக்கத்து இருக்கையைத் தேடி உட்கார்ந்தாள். போன் அடித்தது.

"என்ன ஆச்சு அண்ணி?"

"மின்னிச்சுடி."

அந்தப் பக்கம் தையல் இயந்திரம் நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "அப்ப அந்த மருந்துக்கு என் பேருதான் வெக்கணும். ஏணில ஏறினது நான்."

"வெக்கலாம். மாத்திரை கசந்தா ஜனங்க நம்புவாங்க."

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்."

கண்ணாடியில் தலையைச் சாய்த்தாள். பஸ் வெயிலுக்குள் திரும்பியது. கண் மூடியதும் அந்தக் கட்டடம் வந்தது. நாலாவது மாடி, ஏழாவது ஜன்னலில் திரை இல்லை. உள்ளே இருந்த உருவம் இரண்டு கையையும் ஒரே பக்கமாக நீட்டி, எதையோ வாரி எடுத்துக்கொண்டிருந்தது. எதை என்று தெரியவில்லை.

பார்க்கலாம். ஒரு வருடம் இருக்கிறது.